பதினொரு கிலோவும் ஒரு திறப்பும்

மெல்பேர்னில் எங்கள் நோபல் பார்க்கில் யாராவது கொழும்புக்குப் பயணம் போகிறார்கள் என்றால், டிக்கெட் எடுத்த கையோடு எனக்குத்தான் போன் வரும். "அன்ரி, ஒருக்கா வந்து பெட்டி அடுக்கித் தாறியளே?" என்பார்கள். போகாமல் விடுவேனா! முப்பது கிலோ என்று விமானக்காரர் சொன்னால் நான் அடுக்கும் பெட்டி முப்பதில்தான் நிற்கும். இருபத்தொன்பதரையில் நின்றால் அன்றைக்கு எனக்கு நித்திரை வராது. அரைக் கிலோவை ஏன் சும்மா விட வேண்டும்? சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் சின்னச் சின்னப் போத்தல்கள், பாரமானதெல்லாம் அடியில் பெட்டி உருளுகிற சில்லுப் பக்கம், தராசுக்குக் காட்டக்கூடாதவை ஜாக்கெட் பொக்கற்றுகளில். பெட்டியைக் கையால் தூக்கிப் பார்த்தே நிறையைச் சொல்லிவிடுவேன். பிறகு தொங்கு தராசில் கொழுவிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்க்கத்தான் நான் போவது.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் ஒரு முதுகுப்பையைக் கொடுத்து, பதினொரு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னால் என்ன செய்வாள்? சரியாகப் பதினொரு கிலோ அடுக்குவாள். செய்தேன். அந்த மடவேலையின் கதைதான் இது.

அதற்கு முந்தின வருடம் என் முதுகுத் தட்டு ஒன்று நழுவிவிட்டது. அதுவும் எப்படி? ஊருக்குப் போகிற ஒருவருடைய பெட்டியைத் தூக்கித் தராசில் கொழுவும்போது! மாதக்கணக்கில் படுக்கை. சோற்றுப் பானையைக்கூட அடுப்பிலிருந்து என் கணவர்தான் இறக்கினார். எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு டண்டினொங்கில் ஒரு பிசியோவிடம் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய் வந்தேன். வியட்நாமியர், இளவயது, கை மட்டும் இரும்பு. அவருடைய கட்டிலில் மல்லாந்து படுத்தால் நேரே மேலே முகட்டில் ஒட்டுநாடாவால் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஒரு வெளிச்சவீடு, கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம். அதன் அடியில் நின்று அண்ணாந்து எடுத்த படம். கல்லுச் சுவர் மேலே மேலே போய் வானத்துக்குள் முடியும். நோகிற நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக் கிடந்தேன்.

ஒருநாள் அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வில்சன்ஸ் புரொமன்டரி என்றார். மெல்பேர்னிலிருந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம், அங்கேயிருந்து வெளிச்சவீட்டுக்குக் கார் போகாது, சாப்பாடும் படுக்கையும் முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள்ளால் நடக்க வேண்டும். அதைக் கேட்டதுமே முடிவெடுத்துவிட்டேன். போக வேண்டும். அந்தச் சுவரைக் கையால் தொட வேண்டும். என்னுடைய பையை நானே சுமந்துகொண்டு போக வேண்டும். அப்போது எனக்கு அரிசிச் சாக்கைப் பார்க்கவே பயம். ஆனாலும் மனதில் விழுந்தது விழுந்ததுதான்.

வீட்டில் சொன்னேன். கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இஞ்சரும், நீர் முதல்ல கடையில இருந்து ரெண்டு பால் போத்தல் தூக்கிக்கொண்டு வாரும். பேந்து காட்டைப் பற்றிக் கதைப்பம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கிழமையிலிருந்து பால் வாங்குவது நான்தான். பாலில் தொடங்கி, பிசியோ சொன்னபடி மண் நிரப்பிய பையோடு பூங்காவைச் சுற்றி நடப்பதில் வந்து நின்றேன். ஒரு வருடம் விடாமல். கடைசியில் பிசியோ சரி என்று தலையாட்டினார். பதினொரு கிலோ, எல்லாம் சேர்த்து, அதற்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம் என்றார். "எல்லாம் சேர்த்து" என்ற சொல்லை நான் காதில் வாங்கவேயில்லை.

கூட வர ஒத்துக்கொண்டவள் என் மச்சாள், கணவரின் தங்கை. ஆஸ்பத்திரியில் நேர்ஸ். விடுமுறை கிடைத்தால் காடு, மலை என்று திரிகிறவள். ஒல்லிக் குச்சி. வாய் மட்டும் அவளுடைய உடம்பைவிடப் பெரிது. கூடாரமும் அடுப்பும் தான் சுமப்பதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதல் நாள் நடந்து முடிய உங்களுக்கு முதுகு நொந்துதெண்டால், அடுத்த நாள் காலமை திரும்பி வாறம். அங்கால போகப் போக வெளிக்கிட வழியில்லை மச்சாள். ஏதும் நடந்தால் அண்ணன்ர வாயை ஆர் கேக்கிறது?"

"ஓம், ஓம், திரும்புவம்" என்றேன். மனதுக்குள், நீர் போய்த் திரும்பும் என்று சொல்லிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள், அவள் சொன்னதையெல்லாம் வைத்து முதுகுப்பையைக் கட்டித் தராசில் கொழுவினேன். எட்டே முக்கால்! அதாவது இரண்டேகால் கிலோ இடம் சும்மா கிடக்கிறது. என் கைக்கு அது பொறுக்குமா? சின்னத் துவாய் போதும் என்று மச்சாள் சொல்லியிருந்தாள். அதை எடுத்துவிட்டுப் பெரிய குளியல் துவாயை வைத்தேன். எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று. நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி சப்பாத்து. கண்ணாடிப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய். பாரமானவற்றைப் பழக்கதோஷத்தில் அடியில் வைத்தேன். பைக்குச் சில்லு இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை. மறுநாள் விடிய மச்சாள் வந்து தராசைப் பார்த்தாள். சரியாகப் பதினொன்று.

"கெட்டிக்காரிதான் நீங்கள்" என்றாள்.

அவள் காரைத் திறக்கப் போன கையோடு மடக்குக் குடை, டோர்ச், போன் சாஜ் ஏற்றும் கட்டி, நோவெண்ணெய்ப் போத்தல், பனங்கட்டி எல்லாம் என் ஜாக்கெட் பொக்கற்றுகளுக்குள் போய்விட்டன. என்ன ஒரு திருப்தி தெரியுமா!

நடைபாதை தொடங்கும் இடத்தில் அவள் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி என் பையின் இரு பக்கமும் செருகினாள். "தண்ணியையும் சேத்துத்தானே பதினொண்டு பாத்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் மரத்தில் இருந்த ஒரு கிளியைக் காட்டி, என்ன வடிவு பாரும் என்றேன்.

பையைத் தூக்கினேன். கை உடனே நிறையைச் சொல்லிவிட்டது. பொக்கற்றில் இருப்பவற்றையும் சேர்த்தால் பதினாலு தாண்டும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் கார் அங்கேயே நிற்கிறது, திரும்பிப் போகச் சொல்லிவிடுவாளோ என்ற பயம். நடந்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம்! ஆளுயரப் பன்னச் செடிகள், ஈர மண் வாசனை, மரங்களுக்கு இடையில் திடீரென்று ஒரு நீலத் துண்டு. "மச்சாள், கடல்! கடல்!" என்று கத்தினேன். "ஓம், அது எங்கையும் ஓடிப்போகாது, கீழ பாத்து நடவுங்கோ" என்றாள். பிறகுதான் பை தன் குணத்தைக் காட்டியது. அடியில் கிடந்த ஊறுகாய்ப் போத்தலும் பிளாஸ்க்கும் ஒவ்வொரு அடிக்கும் என்னைப் பின்னுக்கு இழுத்தன. விழாமல் இருக்க முன்னுக்குக் குனிந்தேன். குனிந்தால் இடுப்புப் பட்டி மேலே ஏறியது. பாரம் முழுவதும் தோளில் தொங்கியது. குடை ஒரு பக்கம் தொடையில் அடித்தது.

கடற்கரைக்கு இறங்கி, முகாமுக்குப் போகும் முன் ஒரு சிற்றாற்றைக் கடக்க வேண்டும். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். நடு ஆற்றில் ஒரு கால் மணலில் புதைந்தது. பை ஒரு பக்கம் சரிந்தது. முதுகில் சுரீர் என்று ஒன்று ஓடியது. எனக்குத் தெரிந்த நோ, அதே பழைய வலி. கரை ஏறியதும் ஒன்றும் நடக்காத மாதிரிச் சிரித்தேன். நேர்ஸின் கண்ணுக்கு முன்னால் அது எடுபடுமா?

"பையைக் கழட்டுங்கோ" என்றாள். கழற்றினேன். "ஜாக்கெட்டையும் கழட்டுங்கோ." அதைக் கையில் வாங்கியவளின் கை சட்டென்று கீழே போனது. பொக்கற் பொக்கற்றாக எடுத்து மணலில் அடுக்கினாள். குடை வந்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை.

"மச்சாள், இதென்ன கட்டுநாயக்கா எயார்போட்டோ? இஞ்ச கவுண்டரில ஆர் நிக்கினம்? ஆருக்கு ஒளிச்சனீங்கள் உதுகளை? பொக்கற்றில இருந்தாலும் சுமக்கிறது உங்கட முதுகுதானே!"

எத்தனை வருடம் எத்தனை பேருக்குப் பெட்டி அடுக்கினேன், அதில் ஒன்றையாவது நான் சுமந்ததில்லை. தராசைத் தாண்டிவிட்டால் விமானம் சுமக்கும். இடம் மிஞ்சினால் நட்டம் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. இங்கே மிஞ்சுகிற இடம் முழுவதும் லாபம் என்பதை என் முதுகு சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

"காலமை திரும்புறம். சொன்ன சொல் சொன்னதுதான்" என்றாள் மச்சாள்.

அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே அழுதேன். ஒரு வருடம் மண் மூட்டை சுமந்தது ஒரு ஊறுகாய்ப் போத்தலுக்காகவா வீணாகப் போக வேண்டும்? அதைக் காட்டில் எறிந்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உள்ளே கொண்டுவந்த ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது அந்தப் பூங்காவின் சட்டம். குப்பைத் தொட்டிகூடக் கிடையாது. மச்சாளின் பையோ ஏற்கெனவே அவள் தலைக்கு மேல் நின்றது.

காலையில் எழும்பினேன். குனிந்து பார்த்தேன், குனிய முடிந்தது. மச்சாள் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லிப் பரிசோதித்தாள். கால் வழியே நோ இறங்கவில்லை, தசைப்பிடிப்பு மட்டும்தான். அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் "பாரம் அதே பாரம்தானே மச்சாள், நான் என்ன செய்யிறது?" என்றாள். நியாயமான கேள்வி.

அப்போதுதான் பக்கத்துக் கூடாரத்திலிருந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று பையைக் கட்டிக்கொண்டிருந்தது. இருவரும் இளம் ஆட்கள். இரண்டு நாளைக்கு முன் வெளிச்சவீட்டில் தங்கிவிட்டு எங்களுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வந்தவர்கள். இன்றைக்கு மத்தியானம் வெளியே போய்விடுவோம், முதலில் கடையில் சூடாக ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். "வெளியே போகிறோம்" என்ற சொல் என் காதில் விழுந்தது. எங்கள் ஆட்களுக்கு யாராவது பயணம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கை தன்பாட்டில் பார்சலைத் தேடும். ஊருக்குப் போகிறவர்கள் அதற்குப் பயந்தே டிக்கெட் எடுத்ததை வெளியில் சொல்வதில்லை. எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ஏன் இது எனக்கு இரவே ஓடவில்லை!

நேரே போய்க் கேட்டேன். உங்களுடைய பைகளில் இப்போது சாப்பாடு இல்லை, இடம் இருக்கும், ஒரு சின்னப் பார்சல் தந்தால் வெளியே பூங்கா அலுவலகத்தில் கொடுத்துவிடுவீர்களா என்று என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டேன். பின்னால் மச்சாள் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ மச்சாள், முன்னப்பின்னத் தெரியாத ஆக்களிட்டப் பார்சலோ! மானம் போகுது!"

"நீர் சும்மா இரும். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லட்டுமே" என்றேன்.

அவர்கள் ஏலாது என்று சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெடியன் ஆற்றில் என்னைப் பார்த்தவனாம், நான் பட்ட பாடு தெரியும் என்றான். துவாய், பிளாஸ்க், இரண்டாம் சப்பாத்து, ஊறுகாய், குடை, சாஜ் கட்டி எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் காற்று இல்லாமல் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் கட்டிய பார்சல்களில் அதைப்போல ஒன்றை மனமார அனுப்பியதில்லை. நன்றிக்குப் பனங்கட்டி நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்ட அந்தப் பெண், கையைத் துடைக்கக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் லேஞ்சித் துணி தேடினாள். தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கையில் ஒரு திறப்பு. பழைய காலத்துப் பெரிய சாவி, மரத்துண்டு ஒன்று கோத்திருந்தது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் தங்கிய அறையின் திறப்பு. கொடுக்க மறந்து கொண்டுவந்துவிட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நீங்கள் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், கொண்டுபோய்க் கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

நாங்கள் திரும்பிப் போகிறோம் என்று சொல்ல மச்சாள் வாயைத் திறந்தாள். அதற்கு முன் என் கை நீண்டு திறப்பை வாங்கிவிட்டது.

அவர்கள் கையசைத்துக்கொண்டு போனார்கள். மச்சாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலை பாத்தனீங்கள்?"

"ஒரு ஆளின்ர பார்சலை வாங்கிப்போட்டுக் குடுக்காமல் திரும்பிப் போற வழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கோ? நீரே சொல்லும்."

கனடாவிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய மோதிரப் பெட்டியை ஒரு மழை நாளில் வென்ட்வேர்த்வில் வரை ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். தெரியாத ஆட்களுடைய பொருளுக்காக, சிட்னிக்குப் போயிருந்த விடுமுறையில் ஒரு முழு நாளைத் தொலைத்தவள். என் பையை இழுத்து மணலில் கவிழ்த்துக் கொட்டினாள்.

அவள் அடுக்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கைப் பை அடியில். பாரமான சாப்பாட்டுப் பொதி நடுவில், முதுகெலும்போடு ஒட்டி. உடுப்புகள் அதைச் சுற்றி. இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பில் உட்காரவைத்து முதலில் இறுக்கினாள், தோள்பட்டியைப் பிறகு. எழும்பி நின்றேன். பை என்னைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கூடவே வந்தது.

"எவ்வளவு இருக்கும்? சொல்லுங்கோ பாப்பம்" என்றாள்.

"தண்ணியோட பதினொண்டுக்கும் குறைவு" என்றேன். "மச்சாள், பதினொண்டுக்கும் குறைவு!" என்று இன்னொரு தரம் கத்தினேன். அதுவரை என் வாயிலிருந்து குறைவு என்ற சொல் சந்தோசமாக வந்ததில்லை.

"காலுக்குள்ள நோ இறங்கினால் உடன சொல்லோணும். ஒளிச்சால் கொன்றுபோடுவன்" என்றாள். இந்த முறை ஒளிக்கவில்லை. அரை மணிக்கு ஒருக்கால் அவள் கேட்பாள், நான் உள்ளதைச் சொல்வேன். நோ வந்த இடத்தில் இருந்து ஆறினோம். பட்டியைத் தளர்த்தி இறுக்கினோம். சாப்பிடச் சாப்பிடப் பை இன்னும் இலேசாகிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முகாமிலும் சோற்றுப் பொதியைத் திறக்கும்போது, இது இனி முதுகில் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். மச்சாள் இரண்டாம் தட்டு வைத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. பாறைகளுக்கு மேலால் ஏறினோம், வெள்ளை மணலில் இறங்கினோம், ஒரு வளைவில் வொம்பற் ஒன்று கொழுத்த பன்றிக்குட்டி மாதிரி வழியை மறித்துக்கொண்டு புல் மேய்ந்தது. திறப்பை ஜாக்கெட் பொக்கற்றில் வைத்திருந்தேன். மிச்சமெல்லாம் பைக்குள் போய்விட்டன, பொக்கற்றில் இருந்த ஒரே சாமான் அதுதான். நடக்க நடக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காட்டின் ஒரு திருப்பத்தில் அது தெரிந்தது. கடலுக்குள் நீட்டிய முனையில், சின்னதாக, தீப்பெட்டி உயரத்தில். என் வெளிச்சவீடு! என்னை முந்திக்கொண்டு மச்சாள்தான் கத்தினாள். கடைசி ஏற்றம் பொல்லாத ஏற்றம். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். நடுவில் அவள் நின்று, "தாங்கோ, பையை நான் கொஞ்சம் கொண்டு வாறன்" என்றாள். "கையை எடும் மச்சாள்!" என்று சீறினேன். அவள் சிரித்துக்கொண்டு முன்னே போனாள்.

மேலே ஒரு வீட்டு வாசலில் அங்கே பொறுப்பாக இருக்கும் பெண் நின்றாள். மூச்சுக்கூட விடாமல் திறப்பை எடுத்து நீட்டினேன். கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சோடி வெளியே போனவுடன் போன் பண்ணிச் சொன்னார்களாம். மாற்றுத் திறப்பு எப்போதும் இருக்கிறது, அவசரமே இல்லை, ஆறுதலாகத் தபாலில் அனுப்பியிருந்தாலே போதும் என்றாள். உங்கள் பார்சலும் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறதாம், ஊறுகாய் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது, மன்னிக்கச் சொன்னார்கள் என்றும் சொன்னாள்.

மச்சாள் என்னை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "தபாலில அனுப்பலாமாம்" என்றாள்.

"கேட்டனான்" என்றேன்.

வெளிச்சவீட்டின் அடிக்குப் போனேன். சுவரைத் தொட்டேன். வெயிலில் காய்ந்த கல்லு, கதகதவென்று இருந்தது. பையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு, புல்லில் அப்படியே மல்லாந்து படுத்தேன்.

மச்சாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன மச்சாள், நோகுதோ? முதுகோ? அசையாதேங்கோ!"

நான் அசையவில்லை. மேலே கல்லுச் சுவர் போய்க்கொண்டே இருந்து வானத்துக்குள் முடிந்தது. அதே படம், மூலைகளில் ஒட்டுநாடா மட்டும் இல்லை.

"நோ இல்லை" என்றேன். "நீரும் ஒருக்கா இஞ்ச படுத்துப் பாரும்."